மடங்கும் நகரமும் மனிதர்தம் நேரமும்

சீன அறிவியற் சிறுகதைகள் பதின்மூன்றைக் கென் லியு ஆங்கிலத்தில் பெயர்த்து, 2016-இல் ‘இன்விசிபிள் பிளானட்ஸ்’ என்னும் தொகுப்பாக அளித்தார். அவற்றுள் ஹாவ் ஜிங்ஃபாங்கின் ‘மடங்கும் பெய்ஜிங்’ நெஞ்சை விட்டகலாதது.

மூன்று வகுப்பார் முறைவைத்து வாழ, நகரமே மடிந்து விரிகிறது; முறையற்றோர் உறக்கத்தில் ஆழ்த்தப்படுவர். 48 மணி நேரத்தில் மேல்வகுப்பார் 50 இலட்சம் பேருக்கு 24 மணி. இடைவகுப்பார் இரண்டரைக் கோடிப் பேருக்கு 16. கடைவகுப்பார் 5 கோடிப் பேருக்கு இரவில் 8 மணியே. செல்வம் போலவே பகலொளியும் பங்கிடப்படுகிறது!

குப்பை பிரிக்கும் லாவ் தாவ், வளர்ப்பு மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தடைமீறி மேல்வகுப்பாரிடம் தூது செல்கிறான். திரும்பியதும் வழக்கம்போல் வேலைக்கு விரைகிறான். அநீதியைக் காட்டிய ஆசிரியர் எதிர்க்குரல் எழுப்பாதது குறையெனத் தோன்றலாம். ஆயினும் அம்மௌனமே நம்மை வினவுகிறது: நம் தெருவைத் தூய்மை செய்வோர் எப்பொழுது உறங்குகின்றனர் என்பதை நாம் அறிவோமா?