ஆசிரியரும் கட்டற்ற மென்பொருளும்

அண்மைக் காலமாக எமது ஆசிரிய உலகில் 'திறந்த மூல மென்பொருள்' என்ற சொற்றொடர் அடிக்கடி காதில் விழுகின்றது. சேவைக்காலப் பயிற்சிகளிலும் வார இறுதிப் பட்டறைகளிலும் அது தலைகாட்டுகின்றது. புதிய சொல்லொன்று வழக்குக்கு வரும்பொழுது அதனுடன் புதிய கருத்தும் வருகின்றதா, அன்றிச் சொல் மட்டுமே வருகின்றதா என்று ஆராய்வது விமர்சனத்தின் கடமை. இலக்கியத்துக்கு நாம் பிரயோகிக்கும் அந்த அளவுகோலை ஆசிரியர் பயிற்சிக்கும் பிரயோகித்துப் பார்ப்பதில் தவறில்லை. நாளைய வாசகனை உருவாக்குபவர் இன்றைய ஆசிரியரே அல்லவா?

சில மாதங்களுக்கு முன், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் நடைபெற்ற அத்தகைய பட்டறையொன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். பயிற்றுநர் நல்லெண்ணம் கொண்டவர், உழைப்பாளி. லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருளைத் திரையிற் காட்டி, இது வேர்ட் போன்றது, இது எக்செல் போன்றது, இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எமக்கு வழங்கப்பட்ட கையேடும் திறந்த மூல மென்பொருளை, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் என்றே வரைவிலக்கணப்படுத்தியிருந்தது. மதிய உணவின் பின், கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டார்: "சேர், சும்மா கிடைக்குது எண்டால் நல்லதுதான். ஆனால் என்ரை பழைய பேப்பர் எல்லாம் இதில திறக்குமா?"

எழுத்துருவை நிறுவினால் திறக்கும் என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மாலையிற் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அந்த ஆசிரியையின் கேள்வி மட்டும் விடையின்றி நின்றது. அக்கேள்வியிலிருந்தே பட்டறை தொடங்கியிருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். 1983 ஆம் ஆண்டு அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்ரோல்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தபொழுது, மென்பொருளைப் பயன்படுத்துவோனுக்கு நான்கு சுதந்திரங்கள் வேண்டும் என்ற கொள்கைக்கு வித்திட்டார். எந்த நோக்கத்துக்கும் அதனை இயக்கும் சுதந்திரம், அதன் மூலத்தைப் படித்தறியும் சுதந்திரம், பிரதி செய்து அயலவருக்கு வழங்கும் சுதந்திரம், திருத்திய பிரதியையும் வழங்கும் சுதந்திரம் என்பனவே அவை. 1991 இல் பின்லாந்து மாணவரான லீனஸ் தோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் இவ்வழியிற் சேர்ந்து, முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. 'திறந்த மூலம்' என்ற பெயர் பின்னர், 1998 இலேதான் சூட்டப்பட்டது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் ஏற்படும் மயக்கத்தைத் தவிர்ப்பதும், வர்த்தக உலகை ஈர்ப்பதும் அப்பெயரின் நோக்கங்களாக இருந்தன.

தமிழில் அந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்ற அழகிய தொடர் ஏற்கெனவே எம்மிடம் உண்டு. அவ்வாறிருக்க, ஆங்கிலத்தாரைத் தடுமாறச் செய்த மயக்கத்தை நாமாகவே இரவல் வாங்கி, 'இலவசம்' என்று எமது ஆசிரியர்களுக்குக் கற்பிக்கின்றோம். இது வெறும் சொற்குற்றமன்று. விலையின்மையே அதன் பெருமை என்றால், விலைகொடுக்க வல்லவருக்கு அது தேவையில்லை என்றாகிவிடும். கடையிற் சில ரூபாவுக்குக் களவுப் பிரதி வாங்குபவருக்கும் அது தேவையில்லை. உரிமை என்று சொல்லும்பொழுதே அது எல்லோருடைய பிரச்சினையும் ஆகின்றது.

இலவசம் என்ற சொல்லை இழிவுபடுத்துவது எமது நோக்கமன்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இல்லையேல், இவ்வரிகளை எழுதும் நாமும் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்திருக்க மாட்டோம். ஆனால் அந்த இலவசம் எவரும் இட்ட பிச்சையன்று. மக்கள் தமது உரிமையாகப் பெற்றுக் காத்துவரும் ஒன்று. பெருங் கம்பனியொன்று பாடசாலைக்குத் தன் மென்பொருளைச் சில ஆண்டுகளுக்கு விலையின்றி வழங்குவது இதற்கு நேர்மாறானது. அதைப் பழகிய பிள்ளை வளர்ந்து தொழிலுக்குப் போகும்பொழுது வாடிக்கையாளனாகின்றது. கொடுத்தவர் விரும்பிய நாளில் அதனைத் திரும்பப் பெறவும் முடியும்.

தமிழாசிரியருக்கு இக்கருத்து புதியதன்று என்பதையும் நாம் காண வேண்டும். 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை செய்ததென்ன? சிதறிக் கிடந்த ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், பிழை களைந்தார், அச்சிட்டுப் பலர் கைக்குக் கொடுத்தார். மூலத்தைக் காணாமற் பாடபேதம் ஆராய முடியாது. பாடபேதம் ஆராயாமல் நூலைத் திருத்த முடியாது. மென்பொருளின் மூலத்தை மறைத்து வைப்பவரிடம், சுவடியைக் காட்டாமல் உரையை மட்டும் நம்பச் சொன்னால் நீர் ஏற்பீரா என்று எந்தத் தமிழாசிரியரும் கேட்கலாம்.

எனினும், எல்லாம் பண்டைத் தமிழரிடம் இருந்தது என்று மார்தட்டும் பழைமைவாதத்துக்கு இங்கே இடமளித்தலாகாது. அந்த ஏடுகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஏடு இருந்த வீட்டின் முற்றத்துக்கே வர முடியாத மக்கள் எம்மிடையே வாழ்ந்தனர். பாடசாலையில் ஏனைய பிள்ளைகளுடன் சமமாக அமரும் உரிமைக்கே யாழ்ப்பாணத்தில் போராட வேண்டியிருந்தது. அறிவைத் திறந்துவிடுதல் எமது மரபில் தானாக நிகழவில்லை. போராடியே அது பெறப்பட்டது. கணினி யுகத்திலும் அது தானாக நிகழப்போவதில்லை.

இனி, கொட்டாஞ்சேனை ஆசிரியையின் பழைய வினாத்தாள்களுக்கு வருவோம். அவை பாமினி எழுத்துருவிலே தட்டப்பட்டவை. இலங்கைத் தமிழாசிரியருள் மிகப் பலர் இருபது, முப்பது ஆண்டுகளாக அதனையே பயன்படுத்தி வந்துள்ளனர். அதன் அமைப்பை அறிந்தோர் சிலரே. அதில் தட்டிய 'அம்மா' என்ற சொல்லைக் கணினி தமிழாக அறிவதில்லை. உள்ளே பதிவாவன உரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வினாத்தாள் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். அதிலே சொல் தேட முடியாது; அகரவரிசைப்படுத்த முடியாது; பார்வையற்ற மாணவனுக்குக் கணினி அதனை வாசித்துக் காட்டவும் மாட்டாது. பாமினி கைக்குக் கை இலவசமாகவே பரவியது. விலையில்லாத ஒன்றும் எம்மைக் கட்டிப்போடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

யுனிகோட் தரநியமத்தின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. இலங்கையும் 2008 இல் தமிழ் எழுத்துக் குறிமுறைக்கு 1326 ஆம் இலக்கத் தரநியமத்தை வகுத்தது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் சிறு செயலிகளும் உள்ளன; அவற்றுட் கட்டற்றவையும் உண்டு. ஆகவே ஆசிரியையின் கேள்விக்கு விடை இருந்தது. அரைமணி நேரத்தில் அவருடைய வினாத்தாளொன்றை அங்கேயே மாற்றிக் காட்டியிருந்தால், மூலம் என்றால் என்ன, தரநியமம் என்றால் என்ன, தன் எழுத்து தனக்கே சொந்தமாதல் என்றால் என்ன என்பவற்றை அங்கிருந்த ஒவ்வொருவரும் விளங்கிக்கொண்டிருப்பர். இருபது ஆண்டு உழைப்பு ஓர் எழுத்துருக் கோப்பில் தொங்கிக்கொண்டிருப்பவருக்குப் புதிய பொத்தான்களின் இருப்பிடத்தைக் காட்டுவது கல்வியாகாது.

இப்பிரச்சினைக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் சென்றது. வெள்ளவத்தை அடுக்குமாடியிலே தனியறையும் மடிகணினியும் உள்ள பிள்ளைக்கும், கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வீட்டிலே தந்தை வேலையிலிருந்து திரும்பும்வரை தொலைபேசிக்குக் காத்திருந்த பிள்ளைக்கும் ஒரே பாடம் அனுப்பப்பட்டது. 2022 மார்ச்சு தொடங்கும்பொழுது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. கடதாசி இன்மையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கடதாசிக்கே டொலர் இல்லாத நாட்டில் மென்பொருள் அனுமதிக்கு டொலர் எங்கிருந்து வரும்? 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பை ஏற்கும் வலு பல பழைய கணினிகளுக்கு இல்லை. இயந்திரம் பழுதாகாதிருக்க, எங்கோ எடுக்கப்பட்ட வர்த்தக முடிவினால் அது பழையதாகிவிடுகின்றது. அத்தகைய கணினிகளிற் பலவற்றில் லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் இயங்கும்.

அயலிலே ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தில் 2001 இல் பாடசாலைகளுக்கான தகவல் தொழினுட்பத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் பாடநூல் விண்டோஸையே மையமாகக் கொண்டிருந்தது. ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எழுப்பிய எதிர்ப்பின் பின்னரே பாதை மாறியது. சில ஆண்டுகளுள் பாடசாலைக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. அங்கு இரண்டு செய்திகள் எமது கவனத்துக்குரியன. மலையாளத்தார் இதனை 'சுவதந்திர' மென்பொருள் என்றே அழைத்தனர். விலையைப் பற்றிய சொல்லை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பயிற்றுநர்களும் வெளியிலிருந்து வந்த நிபுணர்களல்லர். வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர்களே ஏனைய ஆசிரியர்களுக்குக் கற்பித்தனர். மாநில அரசின் பலம் அங்கு பின்னால் நின்றது. எமக்கு அது இல்லை என்பது உண்மையே. ஆனால் ஆசிரியரை ஆசிரியர் பயிற்றுவதற்கு அரசாணை வேண்டியதில்லை.

பரீட்சை இதற்குத் தடை என்பர் சிலர். எமது பாடத்திட்டத்தையே பாருங்கள். சாதாரண தரத்திலே பஸ்கால், உயர்தரத்திலே பைதன் என்று கற்பிக்கின்றோம். பைதன் கட்டற்ற மென்பொருள். பஸ்காலுக்கும் கட்டற்ற தொகுப்பி உண்டு. பிள்ளைகள் அவற்றிலே பரீட்சைக்கு எழுதுகின்றனர். அவை எத்தகையன என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை. பழைய சஞ்சிகையொன்றைத் தேடி நாம் எல்லோரும் நாடும் நூலகம் எண்ணிம நூலகம் 2005 இல் தொடங்கியது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம், எவரும் பிரதி செய்யக்கூடிய நூலகத்தின் அருமையை உணராதிருக்க முடியுமா? 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் இந்நாட்டுப் பொறியியலாளர் எழுதிய 'சகன' என்னும் நிவாரண முகாமைத்துவ மென்பொருள் கட்டற்றதாக வெளியிடப்பட்டமையாற் பிற நாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. எழுதும் ஆற்றலும் எம்மவரிடம் உண்டு என்பதற்கு அது சான்று.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கட்டற்ற மென்பொருள் வந்தவுடன் சுரண்டல் ஒழிந்துவிடும் என்று நாம் கருதவில்லை. உலகின் மிகப்பெரிய கம்பனிகள் லினக்ஸின்மீதே தமது இலாபத்தைக் கட்டியெழுப்பியுள்ளன. கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் கையிலுள்ள அன்ரொயிட் தொலைபேசியின் அடியிலும் லினக்ஸ் கருவே இயங்குகின்றது; ஆயினும் அப்பிள்ளையின் தேடலும் நடமாட்டமும் பிறர் இலாபத்துக்குத் தரவாகின்றன. மாணவரின் புள்ளிகளையும் படங்களையும் நாமே வட்ஸ்அப் குழுக்களிற் கொட்டுகின்றோம். 2022 இல் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது; பட்டறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. மூலம் திறந்திருப்பது முதற்படி. யாருடைய கையில் எம் எழுத்தும் எம் மாணவரின் விவரமும் இருக்கின்றன என்று கேட்பது அடுத்த படி. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தையே எண்ணிமத் தற்சார்பு என்கின்றோம்.

ஆகவே அடுத்த பட்டறையை ஒழுங்கு செய்வோருக்கு எமது வேண்டுகோள் இது: ஆசிரியர்கள் தத்தம் பழைய வினாத்தாளொன்றுடன் வரட்டும். அதனை யுனிகோடுக்கு மாற்றட்டும்; பிழை திருத்தட்டும்; எவரும் பிரதி செய்து திருத்தலாம் என்ற அனுமதியை அதன் அடியில் எழுதட்டும்; பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கட்டும். பொத்தான்களைப் பற்றிய விளக்கம் அதன் பின் வரலாம். வெள்ளவத்தையில் எழுதிய வினாத்தாளைக் கொட்டாஞ்சேனை ஆசிரியை தன் மாணவருக்கேற்பத் திருத்தி, மலையகத்துப் பாடசாலையொன்றுக்கு அனுப்பும் நாளில், கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று எந்தக் கையேடும் எமக்கு வரைவிலக்கணம் தர வேண்டியிராது.