மரம் இலை விடுமுன்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், ஹாக்கஸின் என்ற சிற்றூருக்கு அருகே மவுண்ட் கியூபா என்றொரு தோட்டம் இருக்கிறது. 1930களில் லாமட் டுபாண்ட் கோப்லாண்டும் அவர் மனைவி பமீலாவும் கட்டிய வீட்டோடு தொடங்கியது அது. முதலில் வந்தவை வீட்டை ஒட்டி அளவெடுத்துப் போட்ட பாத்திகள்தாம். பின்னர் பமீலாவின் மனம் காட்டுப் பூக்களின் பக்கம் சாய்ந்தது. 1960களிலிருந்து, ஓங்கி நிற்கும் துலிப் மரங்களின் கீழே, அந்த வட்டாரத்துச் செடிகளைக் கொண்டே நடைபாதைகள் அமைந்தன. 2013 முதல் பொதுமக்களும் அவற்றில் நடக்கலாம்.

அந்தப் பாதைகளின் பூக்களைப் புகழ்வது எளிது. அவை எந்தக் கணக்கில் பூக்கின்றன என்று பார்க்கப் பழகினால் ரசனை இன்னும் கூடும். அங்குள்ள மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பவை. மார்ச்சில் பனி விலகியதிலிருந்து மே மாதம் இலை அடர்ந்து கூரையாகும் வரை, சில வாரங்களுக்கு மட்டும் வெயில் தரையைத் தொடும். அந்த இடைவெளிக்குள் துளிர்த்து, பூத்து, விதைத்து, மண்ணுக்குள் திரும்பிவிடும் செடிகள்தான் பாதையின் முதல் வரிசை.

‘ஸ்பிரிங் பியூட்டி’ விரல் உயரம் இருக்கும். வெள்ளை இதழில் இளஞ்சிவப்புக் கோடுகள். வெயில் அடித்தால் விரியும், மப்புப் போட்டால் கூம்பும். இதன் மகரந்தத்தை நம்பியே குஞ்சு வளர்க்கும் சிறு தேனீ ஒன்று உண்டு. மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழும் அது இந்தப் பூ மலரும் நாள் பார்த்துத்தான் வெளியே வரும். வர்ஜீனியா புளூபெல்லின் மொட்டு ரோஸ் நிறம், விரிந்த பூ வான நீலம். ஒரே கொத்தில் இரண்டையும் பார்க்கலாம். டிரில்லியத்துக்கோ எல்லாம் மும்மூன்று: மூன்று இலை, மூன்று புல்லி, மூன்று இதழ். பெரிய வெள்ளை டிரில்லியம் முதிர முதிர இளஞ்சிவப்பாக மாறும்.

கோடை பிறந்ததும் புளூபெல் மஞ்சளித்து மறைந்துவிடும். தேர்ந்த கை அங்கே வெற்றிடம் விழ விடாது. கல்யாண வீட்டுப் பந்தி போல, முதல் வரிசை எழுந்த இடத்திலேயே பெரணிகள் உட்கார்ந்துவிடும். டயரெல்லா தன் ஓடுதண்டுகளால் இடையிடையே தரையை மூடும். செப்டம்பரில் வெள்ளைக் காட்டு ஆஸ்டரும் நிழல் தாங்கும் கோல்டன்ராடும் பூத்து, குளிருக்கு முன் இரை தேடும் தேனீக்களுக்குக் கடைசி விருந்து வைக்கும்.

நடும் முறையிலும் ஒரு பதம் வேண்டும். மரங்களின் உணவுறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரடிக்குள் இருப்பதால் மண்வெட்டி போட்டுக் கொத்தக் கூடாது. வேருக்கும் வேருக்கும் நடுவே கைக்கொத்தால் சிறு குழி பறித்து, இளங்கன்றுகளாக வைக்க வேண்டும். ஒன்றிரண்டாகச் சிதறவிடாமல் கூட்டம் கூட்டமாக நட்டால் பார்வைக்கும் நிறைவு, தேனீக்கும் அலைச்சல் குறைவு. குட்டைச் செடிகள் பாதையோரம், உயர்ந்தவை உள்ளே. பெரிய மரம் குறுக்கிட்டால் வளைய வேண்டியது பாதைதான்.

பராமரிப்பு குறைவு என்ற பேச்சின் அடிப்படை சருகு. இலையுதிர்காலத்தில் பாதைமேல் விழுந்ததைச் செடிகள் பக்கம் தள்ளிவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. அது மண்ணின் ஈரம் காக்கும், களையை அமுக்கும், மக்கி உரமாகும். எரித்தோ வாரியோ விட்டால் நஷ்டம் மண்ணோடு நிற்காது. லூனா அந்துப்பூச்சி இலையைச் சுற்றிக் கட்டிய கூடு கிடப்பது அங்கேதான். ஃபிரிட்டிலரி என்னும் செம்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுக்கள் குளிர்காலம் முழுதும் சருகில் ஒடுங்கிக் கிடந்து, வசந்தத்தில் பக்கத்திலுள்ள வயலெட் இலைகளைத் தேடிப் போகும். ஆகவே வயலெட்டைக் களையென்று பிடுங்காத தோட்டக்காரருக்குத்தான் அந்தப் பட்டாம்பூச்சி கிடைக்கும். டோவீ என்னும் குருவி இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் சருகைப் பின்னுக்குச் சீய்த்துப் பூச்சி பொறுக்குவதும் இதே மெத்தையில்தான்.

கை வைத்தே தீர வேண்டிய வேலைகளும் உண்டு. ஆசியாவிலிருந்து வந்து, 1919இல் டென்னஸி மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஸ்டில்ட்கிராஸ் என்னும் புல், விட்டால் தரை முழுவதும் பரவும். அது ஓராண்டுப் பயிர் என்பதால் விதை கட்டுமுன் பிடுங்குவதே வழி. மானுக்கு டிரில்லியம் என்றால் உயிர். அது மேய்ந்துவிட்டால் செடி அந்த ஆண்டில் மறுபடி தழைக்காது. மான் நடமாடும் இடத்தில் வேலி போடத்தான் வேண்டும்.

அவசரக்காரருக்கு டிரில்லியம் சரிப்படாது. விதையிலிருந்து பூவுக்கு ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடிக்கும். அந்த விதையை எடுத்துப் போய் ஊன்றுவது எறும்பு. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காகப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைப் புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, விதையைக் குப்பைக் கிடங்கில் போட்டுவிடும். அந்தக் குப்பையே அதற்கு நல்ல உரம்.

எனவே இத்தகைய பாதையை மதிப்பிட ஏப்ரலின் பூக்கூட்டம் போதாது. ஆகஸ்டில் தரை பச்சையாக மூடியிருக்கிறதா, யாரும் நடாத இடத்தில் டிரில்லியக் கன்று தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கே நட்டவருக்குக் கலை கைவந்துவிட்டது. இனி அவர் எறும்புக்குக் குறுக்கே போகாமலிருந்தால் போதும்.