விரலுக்கு ஓர் உருவம்

உருவம், உள்ளடக்கம் என்று நம்மிடையே நடந்து ஓய்ந்த சர்ச்சைகளில் உருவம் என்பது கண்ணுக்கோ காதுக்கோ உரியதாகவே கொள்ளப்பட்டது. கையால் அறியப்படும் உருவம் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. யந்திரங்களின் பொத்தான்களை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு விளையாட்டாகப் படலாம். படட்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானங்களில், தரையிறங்கிய பின் இறக்கை மடல்களை மடக்க வேண்டிய விமானிகள் சக்கரங்களை உள்ளே இழுத்துவிட்டார்கள். விமானம் வயிறு தேய ஓடுபாதையில் உட்கார்ந்தது. கவனக்குறைவு என்றார்கள். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் கவனித்தது, இரண்டு விசைகளும் அடுத்தடுத்து, ஒரே மாதிரி இருந்ததை. ஒன்றின் தலையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு போன்ற துண்டையும் பொருத்தச் செய்தார். இருட்டில், களைப்பில், பெயர்ச்சீட்டைப் படிக்க அவகாசமில்லாத கணத்தில் விரல் படிக்கிற எழுத்து அது. உள்ளடக்கத்தை இதிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது?

டீட்டர் ராம்ஸும் டீட்ரிச் லுப்ஸும் பிரௌன் கம்பெனிக்காக 1987இல் செய்த இ.டி.66 கால்குலேட்டரை இன்று கலைப்பொருளாகக் கொண்டாடுகிறார்கள். கறுப்பு உடம்பு, வட்டப் பொத்தான்கள், சமக்குறிக்கு மட்டும் மஞ்சள். இந்த ரசனையில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதன் சாதனை பொத்தான்களின் குவிவில் இருக்கிறது. ஒன்று முடிந்து மற்றது தொடங்குவது விரல்நுனிக்குத் தெரிகிறது. வவுச்சரில் கண்ணும் விசையில் விரலுமாகக் கூட்டல் போடும் என் போன்ற குமாஸ்தாவுக்கு, மாலையில் கணக்கு நேராகுமா என்பது இதில் இருக்கிறது.

2007இல் வந்த ஐபோன், அந்தக் கால்குலேட்டரின் முகத்தைக் கண்ணாடித் திரைக்குக் கொண்டுவந்தது. குவிவு, ஒளியும் நிழலுமாக வரையப்பட்டிருந்தது, தடவினால் வழவழப்பு. அனுபவம் வற்றிய பின்னும் கவிதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் உவமையைப் போல. 2013இல் நிழலையும் எடுத்துவிட்டார்கள். நேர்மை என்ற அளவில் அது மேல்.

2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் டாங்கர் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். திரையில் இரண்டு புரொப்பெல்லர்களின் வேகத்தையும் சேர்த்துக் குறைப்பதாக நினைத்து ஒன்றை மட்டும் குறைத்திருந்தார்கள். பயிற்சிக் குறைவும் காரணம்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள் இருந்து, ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும். கைப்பிடிகளைத் திரும்பக் கொண்டுவருவதாக 2019இல் கடற்படை அறிவித்தது.

போர்க்கப்பல் தூரத்து விஷயம். ஏ.டி.எம். விசைப்பலகையில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு புடைப்பு இருக்கும். பார்வையற்றவர் அதை வைத்து மற்ற ஒன்பது எண்களின் இடத்தையும் கண்டுகொள்கிறார். கடைகளில் இப்போது வெறும் கண்ணாடித் திரையில் ரகசிய எண் கேட்கும் கருவிகளும் வந்துவிட்டன. வேறு ஏற்பாடு செய்யப்படாத இடத்தில், அவர் தன் எண்ணைக் கல்லாவில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.