மலைக்கோட்டையும் மழைக்காலமும்: பார்வை பற்றிச் சில குறிப்புகள்

1

திருச்சிக்கு வர விரும்புகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: மழை விட்டப்புறம் வாங்க. மார்கழி, தை என்றால் வைகுண்ட ஏகாதசியைப் பார்க்கலாம். உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்றால் காவிரி, கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் எல்லாம் படம்போல் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வந்தா என்ன தெரியும்? நசநசன்னு ஈரம், சகதி, முழங்கால் தண்ணீர். மலையே சில நேரம் கண்ணில் படாது.

உபசாரமாகச் சொல்லப்படும் இந்த யோசனைக்குள் ஒரு நீண்ட பயிற்சி ஒளிந்திருக்கிறது. ஒரு நகரத்தை எந்தப் பருவத்தில், எந்த உயரத்திலிருந்து, யாராக நின்று பார்க்க வேண்டும் என்கிற பயிற்சி. நமது பயணக் கட்டுரைகள், தலபுராணக் கையேடுகள், சுற்றுலாத் துறையின் வண்ணப் பிரசுரங்கள் எல்லாம் இந்தப் பயிற்சியில் தேறியவை. எழுதுகிறவர் படியேறுகிறார், மூச்சு வாங்குகிறார், உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்க்கிறார், 'ஆகா' என்கிறார். அந்த 'ஆகா'வின் வரலாறு என்ன என்று கேட்டுப் பார்ப்போம்.

2

மலையில் பாதி ஏறியதும் வருவது மகேந்திரவர்மனின் குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அவனது பட்டப்பெயரால் லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம் எனப்பட்டது. உள்ளே கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன். பக்கத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. அதன் சாரம் இரண்டு கற்பனைகள். ஒன்று: பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழர் நாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்க, அதற்காகவே அரசன் மலைமேல் இந்த இடத்தை அமைத்தானாம். இரண்டு: நதிகள் மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியையும் விரும்பிவிடுவானோ என்று பார்வதி அஞ்சி, பிறந்த வீட்டை விட்டு இங்கேயே வந்து தங்கி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

காதல் கவிதை மாதிரிதான் இருக்கிறது. படித்துப் பார்த்தால் பட்டா. மேலிருந்து பார்ப்பதும் உரிமை கொண்டாடுவதும் இந்த மலையில் ஒரே செயலாக எழுதப்பட்டிருக்கின்றன. நாயக்கர்கள், நவாப், கம்பெனி என்று பின்னால் வந்த ஒவ்வொரு அதிகாரத்துக்கும் அந்த உச்சி தேவைப்பட்டது. 1751 தொடங்கி 1754 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் தங்கள் நவாப்களை முன்னிறுத்தி இந்த ஊருக்காக அடித்துக்கொண்டபோது, முற்றுகைக்குள் இருந்த கோட்டைக்கு மலைதான் கண். ஆகவே வெள்ளைக்காரன் வந்துதான் மேலிருந்து பார்க்கும் பழக்கம் வந்தது என்று சொல்வது சரியாகாது. அவன் கொண்டுவந்தது வேறொன்று. பார்க்கிற அதிகாரத்தை அழகுணர்வாக மாற்றுகிற வித்தை.

3

1792இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் திருச்சிக்கு வந்தார்கள். அவர்கள் வரைந்த மலைக்கோட்டைக் காட்சிகள் 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளில் லண்டனில் அச்சாயின. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் குண்டு விழுந்த நிலம், அந்தப் படங்களில் ரசிக்கத்தக்க நிலக்காட்சியாகிவிட்டது. போர் மறைந்து பாறை மட்டும் நிற்கிறது.

அதன்பிறகு கேமரா. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் கிளம்பி 1858 ஏப்ரல் வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பகுதிகளில் சுற்றினார். மாதங்களைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயத்தில் கிளம்பி, கோடை முற்றுவதற்குள் வேலையை முடித்துவிட்டார். 'மழை விட்டப்புறம் வாங்க' என்பதன் முதல் ஒழுங்கான அமலாக்கம் என்று இதைச் சொல்லலாம். அன்றைய காகித நெகட்டிவில் ஒளி பதிய நேரம் பிடிக்கும். அசைகிற மனிதர்கள் பதிய மாட்டார்கள். அதனால் அவர் படங்களில் தெருக்களும் மண்டபங்களும் பெரும்பாலும் ஆளற்றுக் கிடக்கின்றன. இன்னொரு விசேஷம், வானம் வெறுமையாகப் பதிந்துவிடும் என்பதால் டிரைப் நெகட்டிவின் மேல் கையால் மேகங்களை வரைந்து சேர்ப்பார். மழையைத் தவிர்த்துவிட்டு வந்தவர் மேகத்தை மட்டும் அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டார். நனைக்காத மேகம்.

தொழில்நுட்பத்தின் குறையை ஏகாதிபத்தியத்தின் சதி என்று எழுதுவது சுலபம். அது வேண்டாம். ஆனால் அந்தக் குறையே பிற்பாடு ரசனையாக நிலைபெற்றது. ஆளில்லாத கோபுரம், தூசியில்லாத பாறை, காய்ந்த தரை. இன்றைய நாட்காட்டி, தபால் அட்டை, பிரசுரம் எல்லாவற்றிலும் நாம் காண்பது அதைத்தான்.

கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதிய புகழ்பெற்ற மிஷன் பாடலொன்று இலங்கையின் இயற்கையை வியந்து, அங்கிருக்கும் மனிதனை மட்டும் இழிந்தவனாகச் சொல்லும். மேலிருந்து பார்க்கும் அழகியலின் முழு இலக்கணமும் அந்த ஒரு எண்ணத்தில் அடங்கிவிடுகிறது. 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் குளிக்க இறங்கிய நீர்த்தொட்டியில் அவர் இறந்துபோனார். செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் அடக்கம். ஊர் அவரைக் கௌரவமாகவே வைத்துக்கொண்டது. அவர் பெயரில் கல்லூரி, பள்ளி. அதில் படித்து வந்த பிள்ளைகள் இழிந்தவர்களாக இருக்க மறுத்தது தனிக்கதை.

4

மெக்ஸிகோவில் குவானஹுவாட்டோ என்றொரு மலைநகரம். ஸ்பானியர்கள் வெள்ளிக்காகக் கட்டியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. 1803இல் அந்த மழைக்காலத்தில்தான் ஹம்போல்ட் அங்கே தங்கிச் சுரங்கங்களை ஆராய்ந்தார். பள்ளத்தாக்கின் நடுவே ஓடிய ஆறு அடிக்கடி ஊரை மூழ்கடித்தது, 1905இல் பெருவெள்ளம். பிறகு ஆற்றைத் திருப்பிவிட்டு, அது ஓடிய பாதையைத் தரைக்கடியில் கார் போகும் தெருவாக்கினார்கள். 1988இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாக்காரர்கள் இன்று ஆற்றின் வயிற்றுக்குள் கார் ஓட்டிப் போய் வண்ண வண்ண வீடுகளைப் படம் எடுக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருச்சிக் கோட்டையின் மதில்களை இடித்து, அகழியைத் தூர்த்து, சாலை போட்டார்கள். பாரிஸ் பாணியில் 'பூல்வார்' என்று பெயர். ஜனங்கள் வாயில் அது மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு ஆனது. பிரெஞ்சுக்காரனைத் தோற்கடித்த ஊரில் பிரெஞ்சுச் சொல்லை வைத்தான் இங்கிலீஷ்காரன். ஜனங்கள் அதைப் புலியாக்கிவிட்டார்கள். மதிலில் மிஞ்சியது மெயின்கார்டு கேட் வாசல்.

பலத்த மழைக்கு இந்தப் பக்கமும் காந்தி மார்க்கெட் பக்கமும் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த விஷயம். வெயில் காலத்தில் புலிவார்டு ரோடு ஒரு கடைத்தெரு. மழையில்தான் அது அகழி. நகரத்தின் அழிக்கப்பட்ட பிரதியைத் தண்ணீர் வாசிக்கிறது என்று சொன்னால் அலங்காரமாகப் படலாம். ஆனால் அது வெறும் புவியீர்ப்பு. பள்ளத்தைத் தேடித்தான் தண்ணீர் போகும். எந்தப் பள்ளத்தை யார் எதற்காகத் தூர்த்தார்கள் என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டானும் திருச்சியின் மேற்குப் பகுதிகளுக்குள் புகுந்தபோது செய்தித்தாள்கள் 'வெள்ளம் ஊருக்குள் புகுந்தது' என்றன. வாய்க்காலுக்குள்ளும் வயலுக்குள்ளும் ஊர் புகுந்தது என்று எழுதியிருக்கலாம். உய்யக்கொண்டான் சோழர் காலத்துப் பாசன வாய்க்கால். நகருக்குள் அது பல இடங்களில் சாக்கடையைச் சுமக்கிறது.

5

குவானஹுவாட்டோவில் அல்ஹோண்டிகா என்ற தானியக் கிடங்கு இருக்கிறது. 1810 செப்டம்பரில் பாதிரியார் ஹிடால்கோவின் தலைமையில் திரண்ட இந்தியர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் அதைத் தாக்கிப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் அவரும் தோழர்கள் மூவரும் கொல்லப்பட்டு, நான்கு தலைகள் அதே கட்டடத்தின் நான்கு மூலைகளில் இரும்புக் கூண்டில் தொங்கவிடப்பட்டன. 1821 வரை தொங்கின. அதிகாரம் உயரத்தை எதற்குப் பயன்படுத்தும் என்பதற்கு இன்னொரு சாட்சி. ஆளைப் பார்க்க மட்டுமல்ல, ஆளுக்குக் காட்டவும்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால் இங்கே நடந்தது என்ன? 1801 ஜூன் 16 தேதியிட்ட சின்ன மருதுவின் அறிவிப்பு திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு எதிராக ஒன்றுசேரச் சொன்ன அறிவிப்பு. அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அது ஒட்டப்பட்ட உயரம். மலை உச்சியில் யாரும் அறிவிப்பு ஒட்ட மாட்டார்கள். கண்மட்டத்தில், ஜனம் நடக்கிற இடத்தில், நின்று வாசித்துப் பக்கத்து ஆளிடம் 'என்னய்யா போட்டிருக்கு' என்று கேட்கிற உயரத்தில்தான் ஒட்ட முடியும். டேனியல்கள் வரைந்துவிட்டுப் போன ஒன்பதாவது வருஷத்தில், அதே ஊர் காட்சிப்பொருளாக இருக்க மறுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறது.

இதையும் பக்தியோடு வாசிக்க வேண்டியதில்லை. அந்த அறிவிப்பின் விளி நான்கு வருணங்களையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைக்கிறது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அங்கே தனிப்பெயர் இல்லை. எதிர்ப்பின் சுவருக்கும் ஒரு வெளிப்புறம் இருந்திருக்கிறது. அதே ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்கு எதிரே வைக்கப்பட்ட பெரியார் சிலை 2006 டிசம்பரில் திறப்பதற்கு முன்பே உடைக்கப்பட்டதும், பிறகு திறக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். 1987இல் 236 அடிக்கு உயர்ந்து முடிந்த ராஜகோபுரத்தைத் தலை தூக்கிப் பார்க்கிறவர்கள், சண்டை நடந்த இடம் தரைமட்டம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மலை என்றால் இன்னொரு மலையும் இருக்கிறது, பொன்மலை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி அங்கே ரயில்வே தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஐந்து பேர் செத்தார்கள். உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து அந்தத் திசையும் தெரியும். 'ஆகா' கட்டுரைகளில் தெரியாது.

6

'இதெல்லாம் மேற்கத்தியப் பார்வை, நமக்குத் திணை இருக்கிறதே' என்று ஒரு குரல் எழும். நியாயமான குரல்தான். தொல்காப்பியத்தின் முதற்பொருள் நிலமும் பொழுதும் சேர்ந்தது. பொழுது இல்லாத நிலம் நம் கவிதையியலில் கிடையாது. காரும் மாலையும் இல்லாமல் முல்லை இல்லை. நிலத்திலிருந்து பருவத்தைப் பிய்த்தெடுத்து நித்தியமான 'காட்சி'யாக்கிய காலனிய அழகியலுக்கு இது சரியான எதிர்வாதம். ஆனால் திணையைப் பெருமைப் பட்டயமாக்கி மாட்டிவிட்டால் அதுவும் ஒரு உச்சிதான். முல்லையின் மழை தலைவி காத்திருக்கும் மழை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவளின் மழைக்கு எந்தத் திணை?

பதில் உறையூரில் இருக்கிறது. வெக்காளியம்மன் கருவறைக்குக் கூரை கிடையாது. மண்மாரி பெய்து உறையூர் அழிந்தபோது வீடிழந்த ஜனங்களோடு தானும் வெட்டவெளியில் நின்றாளாம். எல்லாருக்கும் கூரை கிடைக்கிறவரை தனக்கும் வேண்டாம் என்று இருக்கிறாளாம். ஜனங்கள் சொல்லும் கதை இது. சில மைல் தள்ளி அரங்கன் பொன்வேய்ந்த விமானத்துக்குக் கீழே பள்ளிகொண்டிருக்கிறான். ஐப்பசி மாதம் துலா நீராட்டம், அம்மா மண்டபத்திலிருந்து யானைமேல் வரும் தீர்த்தம். அங்கே மழைக்காலம் ஒரு வைபவம். இங்கே இவள் நனைகிறாள். ஒன்று உண்மை, மற்றது பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் மழைக்கு இரண்டு தத்துவங்கள் இருக்கின்றன, பிரசுரங்களுக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

தெய்வத்தோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. மழை பெய்த மறுநாள் அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு முன் யார் நிற்கிறார்கள்? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறார் என்பதைச் சட்டங்கள் மாற்றிவிடவில்லை. மகேந்திரனின் உயரத்துக்கு நேர் எதிர்ப்புள்ளி அந்தக் குழி. நகரத்தின் முழு வரைபடமும் அங்கே இறங்குகிறவருக்குத்தான் தெரியும். எந்தத் தெருக் கழிவு எங்கே போகிறது, எந்த வாய்க்கால் எங்கே புதைந்தது என்பதெல்லாம். அந்த அறிவை நம் இலக்கியம் இன்னும் அறிவு என்றே எண்ணவில்லை, 'அனுபவம்' என்று சொல்லி ஒதுக்கிவைத்திருக்கிறது.

7

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி முக்கொம்பில், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் கொள்ளிடத்தில் இடிந்து விழுந்தன. கர்நாடகத்தில் பெய்த மழையின் தண்ணீர் அது. இந்த ஊருக்கு இரண்டு மழைக்காலம்: ஆடியில் மேற்கிலிருந்து ஆறாக வருவது, ஐப்பசியில் கிழக்கிலிருந்து வானமாக வருவது. 'தண்ணி வந்துடுச்சா?' என்று கேட்டு ஜனங்கள் பாலத்துக்கும் கரைக்கும் போவார்கள். மலைக்கு ஏற மாட்டார்கள். உரிமை கொண்டாடாத, சற்றே பயந்த, கணக்குப் போடுகிற பார்வை அது. எவ்வளவு வருது, எங்கே ஏறும், மாட்டை அவிழ்க்கணுமா?

நமது நகர எழுத்துக்கு வேண்டியது அந்தப் பார்வை. உச்சியிலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகள் நம்மிடம் ஏராளம்; கரையில் நின்று கணக்குப் போட்டு எழுதப்பட்டவை சொற்பம். திருச்சிக்கு வருகிறவர்கள் ஐப்பசியில் வரட்டும். குடையோடு மெயின்கார்டு கேட்டில் இறங்கி, மலையை நிமிர்ந்து பார்க்காமல், தண்ணீர் போகிற பக்கமே நடந்துபோகட்டும். அது எங்கே தேங்குகிறதோ, யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ, அங்கிருந்து எழுத ஆரம்பிக்கலாம்.