தங்கம் தீர்ந்தது, தங்கவயல் தீரவில்லை

கோலார் தங்கவயலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குப் பேசுவதற்கு வேறு விஷயமே இல்லை. மல்லாங்கிணறு டீக்கடையில் யாராவது மழையைப் பற்றி ஆரம்பித்தால்கூட, எப்படியோ சுற்றி வளைத்துத் தங்கவயலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். "அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கேயே போய்க் குடியிரு" என்று வீட்டில் சொல்லியாயிற்று. யோசித்துக்கொண்டிருக்கிறேன்!

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாழடைந்த ஊர் என்றாலே தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்க வேன் பிடித்துக் குடும்பத்தோடு போவோம். சுரங்கம் வைத்துப் பிழைத்துப் பிறகு ஆளொழிந்துபோன ஊர்கள் வெளிநாட்டில் பெரிய சுற்றுலா. ஜப்பானில் நாகசாகிக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ஹஷிமா தீவில், கடலுக்கு அடியிலிருந்து நிலக்கரி எடுத்தார்கள். 1974-ல் சுரங்கத்தை மூடினார்கள், சில மாதங்களில் தீவே காலி. நமீபியாவில் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, பாலைவனத்தில் கோல்மன்ஸ்கோப் என்று ஒரு வைர ஊர். அங்கே இப்போது வீட்டுக் கூடங்களில் மணல்தான் குடியிருக்கிறது. இந்தப் படங்களையெல்லாம் வாய் பிளந்து பார்ப்பவன் நான். நம் கைக்கெட்டும் தூரத்தில், தமிழ் பேசிக்கொண்டு, அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கும்போது ஏன் இவ்வளவு நாள் யாரும் பிடித்துத் தள்ளவில்லை என்றுதான் ஆத்திரமாக வருகிறது. கடல் மட்டும்தான் அங்கே இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது.

விருதுநகரில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெங்களூர். அங்கிருந்து மாரிக்குப்பம் போகும் பயணிகள் ரயில். தயவுசெய்து காரில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். பங்காரப்பேட்டையில் முதன்மைத் தடத்தைவிட்டுப் பிரிந்ததும் வண்டி கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சின்னச் சின்ன நிலையங்களில் நின்று நின்று போகும். இந்தக் கிளைப் பாதையே சுரங்கத்துக்காகப் போட்டது, 1894-ல். நான் போன பெட்டியில் காற்று வாங்கக் காலை நீட்டிப் படுக்கலாம். எதிரே பெங்களூருக்குப் போன வண்டியிலோ படியில்கூட இடமில்லை! அந்தக் காலத்தில் இந்தத் தண்டவாளம் வேலைக்கு ஆள் கொண்டுவந்து இறக்கியது. இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகளைத் தினமும் வேலைக்கு வெளியே ஏற்றிக்கொண்டு போகிறது. ஊரின் நூற்றாண்டுக் கதை முழுவதும் எனக்கு ரயில் ஜன்னலிலேயே கிடைத்துவிட்டது.

இறங்கியதும் கண்ணில் படுபவை ஷாஃப்ட்டுகளின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளின், மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள். உச்சியில் பெரிய சக்கரம், அதிலிருந்து கம்பிவடம், வடத்தில் தொங்கும் கேஜ் என்ற கூண்டு. அந்தக் கேஜில்தான் ஆட்கள் இறங்கினார்கள். எவ்வளவு ஆழம் தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் கீழே போனது. அடிக்கணக்கில் பத்தாயிரத்து ஐந்நூறு! கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு ஆழம் என்பது கிணற்றுக் கணக்கு. எழுபது அடியில் பாறை வந்தால் வெடி வைப்போம், போர் போட்டு ஆயிரம் அடியில் தண்ணீர் இல்லையென்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவோம். இவர்கள் அந்த ஆயிரத்தைப் போல் பத்து மடங்கு இறங்கியிருக்கிறார்கள். மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடக்கும் தூரத்தை அப்படியே நிமிர்த்தித் தரைக்குள் செருகிப் பாருங்கள். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களின் வரிசையில் வெகுகாலம் இருந்தது இது.

அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே ஆலை வைத்துக் குளிர்காற்றை உள்ளே தள்ளினார்கள். சூட்டைவிடப் பயங்கரம் பாறையின் அழுத்தம். மூன்று கிலோமீட்டர் மண்ணையும் கல்லையும் சுமந்து நிற்கும் பாறை, பக்கத்தில் குடைந்ததும் திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே இருக்கும் வீடுகள்கூட ஆடும். ஆபத்தைக் கற்றுக்கொள்ளவே இந்த ஊர் பள்ளிக்கூடமாயிற்று: தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது.

சுமார் 120 ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்த தங்கம் 800 டன். தொடக்கம் ஒரு வதந்தி. 1802-ல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, இங்கே மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, மண்ணை அலசச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். எழுபது ஆண்டு கழித்து நியூசிலாந்திலிருந்து திரும்பிய லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கிக் குழி தோண்டிப் பார்த்தார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் தங்கம் தங்கமாகக் கொட்டியது.

அடுத்து சயனைடு மேடுகள். அடேயப்பா! ஊரைச் சுற்றிச் சாம்பலும் வெளிர்மஞ்சளுமாக, புல் பூண்டு முளைக்காத குன்றுகள். மழை அரித்த ஓடைகள் அவற்றின் முதுகில் வரிவரியாக இறங்குகின்றன. மாலை வெயிலில் ஏதோ வேற்றுக் கிரகம் மாதிரி இருக்கிறது. கேஜிஎஃப் கன்னடப் படக்காரர்கள் செட் போட இந்த இடத்தைத் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை. பாறையை மாவாக இடித்து, சயனைடுக் கரைசலில் ஊறவைத்து, கரைந்து வரும் தங்கத்தைத் துத்தநாகம் போட்டுப் பிரிப்பார்கள். மிஞ்சின சக்கையை வெளியே குவிப்பார்கள். அப்படிக் குவிந்தவை 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல்! ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கும் மேலாகக் கிடைத்த தங்கம் கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தச் சக்கையிலும் கொஞ்சம் தங்கம் ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்ப எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைவு சொல்லியிருக்கிறது. எடுத்துவிட்டால் இந்தக் குன்றுகள் இப்படியே இருக்காது. அதற்குள் பார்த்துவிடுங்கள். காற்றடிக்கும் நேரத்தில் மட்டும் தள்ளி நில்லுங்கள். அந்தத் தூசியை வருஷம் முழுக்க மூச்சில் வாங்கும் ஊர்க்காரர்களின் பாடு அங்கே ஐந்து நிமிடம் நின்றாலே புரிந்துவிடும்.

வேறு இரண்டு விஷயங்களுக்காகவே நான் இந்த ஊரின் பரம ரசிகன் ஆனேன். முதலாவது மின்சாரம். காவிரி சிவசமுத்திரத்தில் விழும் இடத்தில் மின்நிலையம் கட்டி, 1902-ல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தது எந்த ஊருக்கு? தலைநகருக்கு இல்லை, இந்தச் சுரங்கத்துக்கு! பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905-ல்தான்.

இரண்டாவதைக் கேட்டால் உங்களுக்கும் மயிர்க்கூச்செறியும். வானத்திலிருந்து வரும் கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டும் ஊடுருவி வரும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் பாதாளத்தில்தான் வலை விரிக்க வேண்டும். டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் 1965-ல் அங்கே கிடைத்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் கண்டது. உலகத்தில் இந்த இரண்டு இடங்களில்தான் முதலில்! தேனி பொட்டிபுரத்து நியூட்ரினோ திட்டத்தைப் பற்றி நம் பக்கத்தில் எவ்வளவு வாக்குவாதம் நடந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறி இறங்கிய அதே சுரங்கத்தின் ஆழத்தில் இந்த ஆராய்ச்சி நடந்து முடிந்திருக்கிறது.

ஆமாம், தமிழ்த் தொழிலாளர்கள்தான். வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி வந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள். துரைமார்களுக்கு மேட்டில் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். இவர்களுக்குத் தட்டி கட்டிய ஒற்றை அறை லைன் வீடுகள். ஆனால் அந்த லைன் வீடுகளிலிருந்து கிளம்பியதைப் பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பின்னால், 1920-களின் பிற்பகுதியில் இந்த ஊரிலிருந்து அப்பாதுரையார் தொடர்ந்து நடத்தினார். 1930-ல் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, மூன்று வாரம் சுரங்கமே நின்றது. பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' பார்த்துவிட்டுக் கிளம்பிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தங்கத்தைத் தேடாதீர்கள், படித்துப் போராடிய அந்த மனிதர்களின் தெருக்களைத் தேடுங்கள்.

அப்படி ஒரு லைனில் திண்ணையில் இருந்த பெரியவரிடம் "அண்ணாச்சி, நீங்க சுரங்கத்துல இருந்தவரா?" என்றேன். சிரித்துவிட்டார். "அண்ணாச்சியா? தெக்கத்திப் பையனா நீ? ஒக்காருப்பா" என்றார். முப்பது வருஷம் உள்ளே இறங்கியவராம். "கேஜுல எறங்க சொல்லோ காது கப்புனு அடைச்சிக்கும். மேல வெயிலா மழையான்னு ஒண்ணியும் தெரியாது. வூட்ல சண்டை போட்ட அன்னிக்கு ஷிஃப்டுக்குப் போவ மாட்டோம். கோவத்தோட கீழ எறங்கக் கூடாது." உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதிச்சின்னா, தெருவே ஷாஃப்டுக்கு ஓடும். அதையும் சொல்லு." கல்தூசி நுரையீரலில் படிந்து சாகும் கூட்டாளிகளைப் பற்றியும் பெரியவர் சொன்னார். தன் இருமலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28-ல். பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. ஹஷிமாவில் சுரங்கம் மூடியதும் ஆட்கள் படகேறிப் போய்விட்டார்கள். தங்கவயல்காரர்கள் போகவில்லை. வேலைக்கு ரயிலேறினார்கள், ராத்திரி வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வந்துகொண்டே இருப்பதால்தான் இதைப் பாழூர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டுக்குள் நுழைந்து பாருங்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே பேரத்தில் புரளும்!

போகிறவர்களுக்கு என் யோசனை: ஷாஃப்ட் வளாகங்களுக்குள் விட மாட்டார்கள், காவலாளியிடம் மல்லுக்கட்டாதீர்கள், சாலையிலிருந்தே கோபுரங்கள் நன்றாகத் தெரியும். ஆட்டோ பிடித்தால் உள்ளூர்க்காரராகப் பார்த்துப் பிடியுங்கள், பாதிக் கதை அவரிடமே கிடைக்கும். வாரநாளில் போனால் பாதி ஊர் பெங்களூரில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், திண்ணையெல்லாம் ஆள் இருக்கும். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். திரும்பும் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், அவ்வளவு சீக்கிரம் விட மாட்டார்கள்.