‘வேணும்’: ஒரு தொடரமைப்பின் பரவல்

மொழியிற் புதிய தொடரமைப்பொன்று தோன்றும்போது அதனை வழுவென விலக்குவோர் எக்காலத்தும் உளர். வீடு ‘கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்னும் பொருள்தரும் ஆங்கில அமைப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தலைகாட்டியது. அடுத்த நூற்றாண்டின் இலக்கணகாரர் சிலர் அதனைக் கடிந்துரைத்தனர். இன்று அதனை வழுவென்பார் இலர்.

தமிழில் ‘வேண்டும்’ என்பதன் வரலாறும் இத்தகையதே. ‘வேண்டு’ என்பது அடிப்படையில் விரும்புதலைக் குறித்த வினை. அது ‘செய்தல் வேண்டும்’ எனத் தொழிற்பெயரோடும், பின்னர் ‘செய்ய வேண்டும்’ எனச் செயவெனெச்சத்தோடும் இணைந்து கடப்பாட்டை உணர்த்தலாயிற்று. காரைநகர் உட்பட்ட யாழ்ப்பாணப் பகுதிப் பேச்சில் இது ‘செய்யவேணும்’, ‘செய்யோணும்’ என வழங்குகின்றது.

இவ்வடிவத்தைக் கொச்சையென ஒதுக்குவோர் நயினாதீவுக் கல்வெட்டை நோக்குதல் தகும். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த அச்சாசனம், காரைநகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது. ஆனை, குதிரை கொணரும் மரக்கலம் கெடின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிக மரக்கலமாயின் பாதிக்குப் பாதி என அது விதிக்கின்றது. இவ்விதிகள் ‘கடவது’ என்னும் ஏவல் வாய்பாட்டில் அமைந்தன. வணிகர் வந்து கூடுதல், அவர் காக்கப்படுதல் ஆகியனவோ ‘வேணும்’ என்ற சொல்லால் முடிந்தன.

இங்கு ‘வேணும்’ அரசனது விருப்பமா, குடிகளது கடமையா? இரண்டும் எனலே பொருந்தும். ஆள்வோன் விருப்பம் கேட்போனுக்குக் கடமையாகின்றது. இத்தகைய இருபொருட் சூழலே புதிய பொருள் வேரூன்றும் நிலம். விருப்பத்துக்கு இடமேயில்லாத சூழலிலும் அவ்வமைப்பு வழங்கும்போது மாற்றம் முற்றுப்பெறுகின்றது. ‘விருப்பமில்லை, ஆனாலும் போகோணும்’ என்று ஒருவர் கூறுகையில் முரண்பாடு தோன்றாமையே அதற்குச் சான்று. ‘கடவது’ பேச்சு வழக்கின் நீங்கிச் சட்டம், சமயம் சார்ந்த உரைநடையில் ஒடுங்கிற்று.

கல்வெட்டில் உளது என்பதனால் மட்டும் ஒரு வடிவம் எழுத்து வழக்குக்கு உரியதாகிவிடாது. எனினும், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலவும் வடிவத்தை அண்மைக்காலச் சிதைவென மாணவருக்குக் கற்பித்தல் வரலாற்றுக்கு மாறானது. காலந்தோறும் பழைய வழக்குகள் சில நீங்கப் புதியன சில வந்து சேர்தலை நன்னூலாரும் ஏற்றுள்ளார். ஆதலின், ஓர் அமைப்புப் புதிதா பழையதா என்பதிலும், மொழியில் அது ஆற்றும் பணி யாதென வினவுதலே ஆய்வாளர் கடனாகும்.