ஓரங்க நாடகம்: மரபுகளும் அளவுகோல்களும்

திரை ஒருமுறை உயர்ந்து ஒருமுறை தாழ்வதற்குள் ஒரு சிக்கல் பிறந்து, முற்றி, முடிய வேண்டும். ஓரங்க நாடகத்துக்கு எல்லா மரபினரும் ஒப்புக்கொள்ளும் இலக்கணம் இவ்வளவுதான். அதற்கு மேல் எது சிறப்பு என்பதில் மரபுக்கு மரபு அளவுகோல் மாறுகிறது. எழுதப் பழகுபவர் ஒவ்வொன்றிலும் கொஞ்ச காலமாவது தங்கிப் பார்க்க வேண்டும்.

ஓரங்கம் மேலைநாட்டிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. திருநெல்வேலி தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்த, வடமொழிக் கவி பாஸனின் நாடகங்களில் ஊருபங்கம், கர்ணபாரம், மத்யம வியாயோகம் ஆகியவை ஓரங்கங்களே. நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம். அதன் மொழி வடமொழியும் பிராகிருதமும். கதை நடப்பதோ காஞ்சிபுரத்தில். கள் மயக்கத்தில் இருக்கும் காபாலிகன் தன் மண்டையோட்டுக் கிண்ணத்தைத் தொலைத்துவிடுகிறான். எதிர்ப்படும் புத்த பிக்கு ஆடைக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறான். திருடன் இவன்தான் என்று காபாலிகன் மல்லுக்கு நிற்கிறான். நடுவராக வரும் பாசுபதனாலும் வழக்கு தீரவில்லை. கடைசியில், நாயிடமிருந்து பிடுங்கிய கிண்ணத்தோடு ஒரு பித்தன் வந்து சேர்கிறான். நாடகம் முழுவதும் அந்த ஒரு கிண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. சமயவாதிகளின் போலித்தனம் அதைத் தேடும் பேச்சிலேயே வெளிவந்துவிடுவதால், ஆசிரியர் தனியே கண்டிக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு மேடைப்பொருளை வைத்துக்கொண்டு நாடகத்தை எப்படி நகர்த்துவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தமிழ் மண்ணில் இல்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகங்கள் இரவு முழுவதும் நடப்பவை. ஓரங்கத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது முழுமையான ஓரங்கமாக இருக்கிறது. ஒரு பதில் அடுத்த கேள்வியைக் கிளப்ப, விட்டுக்கொடுக்காத இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை இதற்கு நேர்மாறான அளவுகோலைக் கொண்டுவந்தது: எழுதிய வசனத்தை மாற்றாமல் பேசுவது, குறித்த நேரத்துக்குள் முடிப்பது.

பேச்சுமொழியை அளவுகோலாக்கியவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. அவருடைய நானாடகம் 1940இல் வெளிவந்தது. உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்று அதில் நான்கு சிறு நாடகங்கள். மேடைப் பேச்சு என்றாலே அடுக்குத்தமிழ் என்றிருந்த நாளில், யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையில் பேசுவதை அப்படியே வசனமாக எழுத அவருக்குத் துணிவு இருந்தது. அயர்லாந்தில் ஜே. எம். சிங் 1904இல் மேடையேற்றிய ‘ரைடர்ஸ் டு த சீ’ என்ற ஓரங்கமும் மேற்குக் கரைத் தீவு மக்களின் பேச்சில் எழுந்ததுதான். யார் பேசுகிறார் என்று பெயர் போடாமலே வாசகர் கண்டுகொள்ள வேண்டும். இந்த மரபு வைக்கும் தேர்வு அதுவே, கடினமானதும் அதுவே.

1977இல் இரண்டு நிகழ்வுகள் தமிழ் அரங்கின் போக்கை மாற்றின. காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்று. சென்னையில் கூத்துப்பட்டறையின் தொடக்கம் மற்றொன்று. புரிசைத் தெருக்கூத்தைக் கண்டு உந்துதல் பெற்று கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி, நடிகரின் உடலுக்காகவே எழுதினார். நாற்காலிக்காரர், அப்பாவும் பிள்ளையும், சுவரொட்டிகள் போன்றவற்றைக் கதைக்காகப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குரல்விட்டு வாசித்தால் வேலை செய்யத் தொடங்கும். ஞாநியின் பரீக்‌ஷா குழுவும் மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் சிறு நாடகத்தைச் சபாக்களுக்கு வெளியே கொண்டுபோயின. திரையும் ஒளியமைப்பும் இல்லாத வீதியில் முதல் நிமிடத்திலேயே கூட்டத்தை நிறுத்தியாக வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

இந்த அளவுகோல்கள் அனைத்தையும் ஒருசேரக் கேட்கும் மண் நீலகிரியின் ஸ்ரீமதுரை. கூடலூர் வட்டத்தின் இந்த ஊராட்சியைச் சுற்றிலும் தமிழோடு மலையாளமும் கன்னடமும் பழங்குடி மொழிகளும் புழங்குகின்றன. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் தமிழ் இன்னொரு வகை. இவர்கள் அனைவரையும் பாடநூல் தமிழில் பேசவிட்டால் நாடகம் பிறக்கும்போதே இறந்துவிடும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம் ஒன்றே ஓரங்கத்துக்குப் போதும். மழை நாள்; தராசு; ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிப்பது என்ற வாக்குவாதம்; அந்தக் கிலோவை நம்பியிருக்கும் ஒரு பெண். காஞ்சிக் காபாலிகனின் கிண்ணம் செய்த வேலையை இங்கே தராசு செய்யும்.

எழுதியவர் தம் கைப்பிரதியை முதலில் நான்கு பேரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். நாக்கு தடுக்கும் வரிகளைத் தயங்காமல் வெட்ட வேண்டும். கூடலூர்ப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களிலும் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் அரைமணி நேரத்தை உள்ளூர் எழுத்தாளரின் ஓரங்கத்துக்கு ஒதுக்க விழா நடத்துவோர் முன்வர வேண்டும்.